பொத்தானில் காய்ந்த சந்தனம்

பேராசிரியர் பாண்டிச்செல்வத்தின் வாயிலிருந்து ரயத்துவாரி வரிமுறைப் பாடம் 2023 ஆகஸ்ட் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றேகாலுக்குத் தொலைந்துபோனது. அன்று ராஜபாளையம் சந்தையில் தக்காளி கிலோ நூற்றுப் பத்து ரூபாய். மனிதர் பத்தொன்பது வருடமாக அதே பாடத்தை, அதே இடத்தில் அதே இருமலோடு சொல்லிவந்தவர். காலையில் ‘ஏ’ பிரிவுக்குச் சொல்லி முடித்தார். மதியம் ‘பி’ பிரிவில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மற்றதெல்லாம் பேச முடிந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், கடைசி பெஞ்சில் தூங்கியவனை எழுப்பித் திட்டினார், டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார். பாடம் மட்டும் இல்லை. பழுப்பேறிய நோட்டைப் பார்த்து வாசித்தாலும் உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ‘ஏ’ பிரிவின் முதல் பெஞ்சில் வன்னியம்பட்டி இருளப்பசாமியின் மகள் யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. ஸ்பூன் பிடிக்கும், பேனா பிடிக்காது. பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவார்கள். வகுப்பில் குறிப்பெடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால் மாற்றுத்திறனாளி அட்டையின் நகலை இணைத்து, பாடங்களை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டாள். முதல்வர் பியூலா மேடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் இருளப்பசாமி சோப்பு டப்பா அளவில் ஒரு ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் போன பாடம், சொன்னவர் வாய்க்குத் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பருக்குள் வரலாற்றுத் துறையே வெலவெலத்துப்போனது. வகுப்பில் சொந்தக் கதை சொல்கிற வழக்கம் நின்றது. ஆண்டாள் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டால் பிறகு எதைச் சொல்லிக் கும்பிடுவது என்று ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டே பாடம் நடத்தினார். பதினோரு பேர் ரெக்கார்டரைத் தடை செய்யச் சொல்லி மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து உதவிப் பேராசிரியர் கனகலட்சுமியுடையது. ரெக்கார்டர் போனால் படிப்பும் போனது. முதல்வர் அறையில் நின்று, “பாடத்த மட்டுந்தான் மேடம் புடிப்பேன். வேற பேச்சு வந்தா அந்தச் செகண்டே நிப்பாட்டிருதேன். இதுவும் இல்லன்னா நான் வீட்டுக்குத்தான் போகணும்” என்றாள். கொடுத்த அனுமதியைச் சட்டப்படி பிடுங்க முடியாது என்று மேடம் மனுவை மேஜைக்குள் போட்டுவிட்டார். யோகேஸ்வரியும் சொன்ன சொல் தவறவில்லை, ஆயுத பூஜை வரைக்கும்.

ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள அரிவாள், மண்வெட்டி, மோட்டார் சுவிட்சு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த இருளப்பசாமி, மகளின் படிப்புக்கான ஆயுதம் என்று ரெக்கார்டருக்கும் தாராளமாக அப்பிவிட்டார். நல்ல மனுஷன், என்னத்தைச் சொல்ல. நிறுத்தும் பொத்தானின் இடுக்கில் சந்தனம் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது. விடுமுறை முடிந்து புதன்கிழமை கனகலட்சுமியின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களுக்குப் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் வீட்டில் தனியாக இருந்த அவருடைய ஏழு வயது மகன் கூப்பிட்டான். யோகேஸ்வரி பொத்தானை அமுக்கினாள். இறங்கவில்லை. மடங்கிய விரல், முழங்கை, கடைசியில் தாடையால்கூட அமுக்கிப் பார்த்தாள். அதற்குள் கனகலட்சுமி பதற்றத்தில் பேசிவிட்டார்: “சூர்யபிரகாஷு, கேஸ் பக்கம் போகாதலே ராசா. அம்மா இந்தா வந்துருதேன்.”

அன்று சாயங்காலம் மகனைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தவருக்குக் காற்றுதான் வந்தது. தம்பி, கண்ணு, தங்கம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பையன் திரும்பினான், ஆனால் “எம் பேரச் சொல்லும்மா” என்றான். இரண்டாம் நாள், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். சனிக்கிழமை அவனை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக்கொண்டு கனகலட்சுமி வன்னியம்பட்டிக்கே வந்துவிட்டார்.

“எம் மகன் பேரு ஒங்கிட்டதான் யோகேஸ் இருக்கு. நான் வெறுத்துட்டேன்னு நெனைக்கான்மா. அழிச்சிரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும். அழிச்சாத் திரும்பி வந்துரும்லா?”

“பெத்தவ வாய்ச் சொல்லுட்டி அது, குடுத்துரு” என்றார் இருளப்பசாமி.

“திரும்பி வருமா, ஒரேயடியாப் போயிருமான்னு யாருக்குப்பா தெரியும்?” என்று யோகேஸ்வரி அழுதாள். “மொதல்ல ஒரு பாடத்த அழிச்சுப் பாப்போம் டீச்சர். போனா எம் படிப்போட போகட்டும்.”

திங்கட்கிழமை முதல்வர் அறையில் பாண்டிச்செல்வம் தன் ரயத்துவாரியையே அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. முப்பது தடவை கேட்டிருந்த யோகேஸ்வரிக்கும் அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. வகுப்பில் எழுதிய எழுபது பேரின் நோட்டிலும் அந்தப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. நூலகப் புத்தகத்தில் அறுபத்தொன்றிலிருந்து எழுபத்துநான்கு வரை வெறும் தாள். நவம்பரில் வெளியூரில் அச்சான கேள்வித்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு அந்தக் கேள்வி வந்தது. எழுபது பேரும் அதை ஏதோ அந்நிய பாஷை மாதிரிப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போனார்கள்.

அழித்த அன்று கனகலட்சுமி மகனைக் கட்டிக்கொண்டு முதல்வர் அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் பையன் பெயரை அழித்திருந்தால் அவனுக்கே அவன் யாரென்று தெரியாமல் போயிருக்கும். வேறு கருவிக்கு நகலெடுத்துப் பார்த்தார்கள். மின்விசிறிச் சத்தம்தான் ஏறியது. இருப்பது அந்த ஒரு சோப்பு டப்பா மட்டுமே.

மனு எழுதிய பதினோரு பேரும் மறுநாளே அதைக் கிழித்துப்போட்டார்கள். எதை ஒழிக்க நினைத்தார்களோ அதற்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று இப்போது பயந்தார்கள். ரெக்கார்டருக்குக் கல்லூரிச் செலவில் உறை தைத்தார்கள். மழை தூறினால் யோகேஸ்வரிக்கு யாராவது குடை பிடித்தார்கள். வேகத்தடையில் பஸ்ஸை மெதுவாக ஏற்றச் சொல்லி டிரைவருக்கு உத்தரவு போனது. பாடம் வாய்க்குத் திரும்பாததால் ஆசிரியர்கள் வருடா வருடம் புதிதாகப் படித்துவந்து வேறு வார்த்தைகளில் நடத்துகிறார்கள். இழந்தால் பாதகமில்லாததை மட்டும் பேசுகிறார்கள். அடுத்த வருடம் அதே மாதிரிக் கடிதத்தோடு தளவாய்புரத்திலிருந்து பார்வையில்லாத ஒரு மாணவி வந்தபோது பியூலா மேடம் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

யோகேஸ்வரி இப்போது மூன்றாம் வருடம். ரெக்கார்டரைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாள், அதைத் தூக்கம் என்று சொல்ல முடிந்தால். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவள் வீட்டுப் போன் அடிக்கிறது. கனகலட்சுமி முதலில், “சாப்பிட்டியாத்தா? ஒடம்பு நல்லா இருக்குல்லா? ரோட்டப் பாத்துப் போறியா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் உள்ள பயம் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு யோகேஸ்வரி போனை ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வைக்கிறாள். அங்கே ஸ்பீக்கரில் அம்மாவின் குரல், சூர்யபிரகாஷு, கேஸ் பக்கம் போகாதலே ராசா, அம்மா இந்தா வந்துருதேன் என்கிறது. அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன் போனைப் பார்த்து, “சீக்கிரம் வாம்மா” என்கிறான்.