ஏழாவது ஸ்லைடு

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் சாணை என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லைத் தேய்ப்பது அவள் வேலை. பேராசிரியர்கள் கொண்டுவந்து போடும் பாறையில் ஒரு சீவல் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பொடியும் தண்ணீருமாகத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாக்குவாள். தலைமுடியைவிட மெலிசு. அதற்கு மேல் இரண்டு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் கல்லே காணாமல் போய்விடும். அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால்தான் கல் வாயைத் திறக்கும். பட்டம் வாங்கியவர்கள் அங்கே பதினாலு பேர். இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்தி.

அக்கா புருஷனும் அங்கேதான் பேராசிரியர். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை.

மாணவர்கள் அறுத்துப் பழகுவதற்கு மாதம் ஒருமுறை அவள் ஊருக்கு வெளியே இருந்த கல் குவாரிக்குப் போய் நாலைந்து துண்டு பொறுக்கி வருவாள். ஒரு வருடம் விடாத மழை. குவாரியின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி, முதலாளி அந்தப் பக்கம் வெட்டுவதை நிறுத்தியிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு சாணை போனபோது, மண்ணும் தூசியும் கழுவப்பட்டு, சாம்பல் நிற மணற்கல் தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அதில் வட்டம் வட்டமாக, நடுவில் குழிந்த மேடுகள், ஒவ்வொன்றும் வாளியின் வாய் அகலம். ஒவ்வொன்றிலிருந்தும் நூல் நூலாகக் கோடுகள் நாலாபக்கமும் ஓடின. முதலில் சுழல் தண்ணீர் தோண்டிய குழிகளாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு மண்டியிட்டு ஒரு கோட்டை விரலால் தொடர்ந்து போனாள். அது போகப் போக மெலிந்து, கல்லுக்குள் சரிந்து இறங்கியது.

வேர்.

ஆற்றில் அடித்து வந்து ஒதுங்கிய மரங்களல்ல அவை. முளைத்த இடத்திலேயே நின்று புதைந்தவை. அந்தப் பகுதிப் பாறையின் வயது அவளுக்குத் தெரியும், ஏறக்குறைய முப்பத்தெட்டுக் கோடி ஆண்டு. பூவும் இல்லாத, விதையும் இல்லாத காலம். முதுகெலும்புள்ள ஒரு பிராணிகூட நிலத்தில் நடமாடாத காலம். பூமியில் மரம் என்று ஒன்று நிமிர்ந்து நின்றதே அப்போதுதான். முப்பத்துநாலு அடிமரங்கள் எண்ணினாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தரையைக் கடந்து வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டில் விரலால் வட்டம் போட்டுக் காட்டி, வேர் எப்படிப் பிரிந்து போகிறது என்று சொன்னாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டீர்களா, என் தங்கை ஒரு காட்டையே கண்டுபிடித்திருக்கிறாள் என்று புருஷனிடம் இரண்டு முறை சொன்னாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே எந்த மூலை, எந்தச் சுவர் பக்கம் என்று கேட்டார். அவளும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவர் குவாரியில் இருந்தார். நாலாம் மாதம் கட்டுரை வந்தது. கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் மட்டும். கடைசிப் பத்தியில், வண்டி ஓட்டியவருக்கும் குவாரிக் காவலாளிக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார். அந்த உதவியாளர்களுக்குள் எங்கேயோ அவளும் இருந்தாள்.

கட்டுரையை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"அந்த இடத்தை நான்தானே அத்தான் சொன்னேன்?"

"இடத்தைச் சொன்னே, இல்லைங்கல. நீ பாத்தது மேடும் பள்ளமும். அது மரம்னு சொன்னது நான்."

"மரம்னுதான் சொன்னேன். அக்கா முன்னாடி, சாப்பாட்டு மேசையில."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. "சாப்பாட்டு மேசையில யார் வேணா எதை வேணா சொல்லலாம்" என்றார். "அச்சுல யார் சொன்னாங்கங்கறதுதான் பேச்சு. போய் வேலையைப் பாரும்மா."

போய் வேலையைப் பார்த்தாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவர் ஒரு அடிமரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். பெரிய கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். குவாரிச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. எப்போதோ எரிமலை கக்கிய சாம்பல் படிந்து இறுகியது. சாம்பலின் வயதைத் துல்லியமாகக் கணிக்க முடியும். மரங்கள் நின்ற தரை அந்தப் பட்டைக்குக் கீழே இருந்தது. கீழே இருப்பது மூத்தது. ஆகவே இது வேறெந்த நாட்டில் கிடைத்ததையும்விடப் பழைய காடு, உலகத்தின் முதல் காடு. அதுதான் கட்டுரை.

அவள் அடிமரத்திலிருந்து ஏழு ஸ்லைடுகள் செய்தாள். ஆறும் தண்டின் ஓரத்திலிருந்து. வளையமாக நின்ற நார்க்கற்றைகள் நேற்று வெட்டியது போல இருந்தன. ஏழாவது, தண்டின் நடுவிலிருந்து. அந்த மரங்களுக்கு நடுவில் வெறும் குழாய்தான். வெள்ளம் வந்து மணலால் அதை நிரப்பியிருந்தது. அந்த மணலுக்குள் வெளிறிய சிறு துண்டுகள் கிடந்தன. ஓரம் தேய்ந்து உருண்டவை. அவற்றுக்குள் ஆறு பக்கக் கறுப்பு மைக்காச் செதில்கள்.

அந்தச் செதில்களை அவளுக்குத் தெரியும். சாம்பல் பட்டையை இரண்டு மாதத்துக்கு முன் அவள்தான் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

ஒரு சுவருக்குள் செங்கல் இருந்தால், செங்கல் சுவருக்கு முன்பே சுட்டது. மரத்துக்குள் சாம்பல் கல்லின் துண்டு இருந்தால், அந்த மரம் புதைவதற்கு வெகுகாலம் முன்பே சாம்பல் விழுந்து, இறுகி, உடைந்து, ஆற்றில் உருண்டிருக்க வேண்டும். மறு ஞாயிறு தனியாகக் குவாரிக்குப் போய்க் கிழக்குச் சுவரில் செடியை விலக்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடியது. பிளவுக்கு இந்தப் பக்கம், மரங்கள் நின்ற தரை மொத்தமும் சரிந்து இறங்கியிருந்தது. கீழே கிடப்பதால் மூத்தது என்று அத்தான் நினைத்தது, மேலே இருந்து சறுக்கி வந்த இளையது.

சொல்லிவிடலாமா என்று பேருந்தில் உட்கார்ந்து யோசித்தாள். சொன்னால் திருத்திக்கொள்வார். கெட்டிக்காரர். தவறைத் தானே கண்டதாக எழுதி, உதவியாளர்களுக்கு மறுபடி நன்றி சொல்வார். இறங்கும் இடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஏறட்டும். விழுந்தால் எலும்பு மிஞ்சாத உயரத்துக்கு ஏறட்டும்.

ஆறு ஸ்லைடுகளை அவரிடம் கொடுத்தாள். ஏழாவதைப் பஞ்சில் சுற்றி, பட்டன் போட்டு வைக்கும் தகர டப்பாவில் வைத்தாள்.

ஒரே ஒரு முறை அது வெளியே வர இருந்தது. கட்டுரையைப் பரிசீலித்த யாரோ, தண்டின் நடு நிரப்பை அறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அத்தான் அவள் மேசைக்கு வந்து கேட்டார். அவள் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பாத்தேன் அத்தான். வெறும் மணல்."

அவர் அப்படியே எழுதி அனுப்பினார். அவள் வேலையில் பிசகே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஏழு வருடம். அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பாடப்புத்தகத்தில் அவர் எடுத்த படம் வந்தது. உலகத்தின் முதல் காடு என்று அரசாங்கம் ஆணை போட்டுக் குவாரியின் அந்த மூலைக்கு வேலி கட்டியது. அருங்காட்சியகத்தில் அவர் பெயரில் தனி அரங்கம் எழும்பியது. அக்கா ஒவ்வொரு விழாவுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாணை பின்னால் நின்று கைதட்டினாள். கைதட்டும்போதெல்லாம் டப்பாவை நினைத்துக்கொள்வாள். அவளுக்கு அது பழகிப்போய், சுகமாகக்கூட ஆகிவிட்டது. இதற்கிடையில் பிளவை அளந்து வரைந்தாள், படங்கள் எடுத்தாள், தன் பெயரில் நாலு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அது அச்சாகும் மாதம் தெரிந்தது. அதே மாதம் அரங்கத் திறப்பு விழா.

விழாவில் அவர் பேச, நுண்ணோக்கியில் தெரிவதைத் திரையில் காட்டுவது ஏற்பாடு. ஸ்லைடு மாற்றுவது வழக்கம்போல் அவள். ஆறு ஸ்லைடுகள் முடிந்தன. அவர் நன்றி சொல்லத் திரும்பியபோது அவள் ஏழாவதை வைத்தாள்.

திரையில் மணல், வெளிறிய துண்டுகள், கறுப்பு அறுகோணங்கள். அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் இன்னும் புரியவில்லை. அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நல்ல ஆய்வாளர் அவர், அதில் சந்தேகமில்லை.

"இது எந்த மரம்?" என்றார். குரல் ஒலிபெருக்கியில் மெதுவாக வந்தது.

"உங்க மரம்தான் அத்தான். நடுவுல அறுத்தது."

முன்வரிசையில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அந்தக் கறுப்புச் செதில்கள் சாம்பல் பட்டையில் இருப்பவைதானே என்று கேட்டார். அத்தான் பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றார். சாணை தன் குறிப்பு வந்த பத்திரிகையை எடுத்து இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

பெரிய கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நடு நிரப்பில் ஒன்றுமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதம்தான் அவரைச் சாய்த்தது. உதவியாளர் சொன்னதை நம்பினேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். உலகமே போற்றும் ஆய்வின் முக்கியமான ஸ்லைடைத் தான் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாதக் கடைசியில் விலகினார். அரங்கத்தின் வாசலில் எழுத்துகளைப் பெயர்த்தபோது சாணை மாடிப்படியில் நின்று கடைசி எழுத்து விழும்வரை பார்த்தாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

அக்கா ஒருநாள் வேலையறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவரைத் தள்ளினே, சரி. அவர் பண்ணதும் தப்புதான். எங்கிட்ட சொல்லியிருந்தா நானே அவரைக் கேட்டிருப்பேன். ஏழு வருஷம் எங்க வீட்ல சாப்பிட்டியே, நான் எங்க நின்னுட்டிருக்கேன்னு ஒரு நாளாவது பாத்தியாடி?"

பதில் வருவதற்குள் போய்விட்டாள்.

அதையும் சாணை தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. குவாரி முதலாளி நீதிமன்றம் போனார். வேலி போட்டதே முதல் காடு என்பதற்காக, முதல் காடு இல்லை என்று இப்போது அச்சிலேயே வந்துவிட்டது என்று அவருடைய வக்கீல் வாதாடினார். சாணையைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, கையில் அவளுடைய நாலு பக்கத்தையே கொடுத்து வாசிக்கச் சொன்னார். இது உலகத்தில் மூத்த காடா என்று கேட்டார். இல்லை என்றாள். மூத்ததோ இல்லையோ, இப்படி வேரோடு நிற்கும் காடு உலகத்தில் நாலைந்துகூட இல்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்கள். கடைசியில் பதினொரு மரங்கள் நின்ற ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்து, மற்றதை வெட்டிக்கொள்ளத் தீர்ப்பாயிற்று. முடிந்த மரங்களைப் பெயர்த்துக்கொள்ள முதலாளி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அடிமரங்களைப் பொதிந்து தூக்க அவள் கோணியும் பாரிஸ் சாந்தும் தண்ணீருமாகப் போனபோது, அங்கே ஏற்கெனவே ஒருவர் மண்டியிட்டு ஒரு அடிமரத்தைச் சுற்றி உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். அத்தான். இளைத்திருந்தார். வெள்ளிக்கிழமைவரை இருவரும் பேசாமல் வேலை செய்தார்கள். எந்திரம் பாறையில் வெடிக்கான துளை போட்டுக்கொண்டே அவர்களை நோக்கி நகர்ந்து வந்தது.

"அந்த ஸ்லைடை எப்ப பாத்தே?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"நீங்க கல்லைக் கொண்டுவந்து வச்ச வாரமே."

"அப்பவே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவர் உளியைக் கீழே வைத்தார். எந்திரம் நின்று நின்று ஓடியது. "அன்னிக்கு உன் பேரைப் போட்டிருக்கணும்" என்றார்.

இந்த வார்த்தைக்கு எத்தனையோ பதில்களை அவள் கல் தேய்த்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தாள், ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. இன்னும் இருபது மரங்கள் தரையில் பதிந்தே கிடந்தன.

"போட்டிருக்கணும்" என்றாள். "அந்தப் பக்கம் தூக்கிப் பிடிங்க. சாந்து இறுகுது."

அவர்கள் மூன்றைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மீதி ஜல்லியாகிப் போயிற்று. மூன்றிலும் கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரைத்தான் எழுதினார்கள். அத்தான் திரும்ப வேலைக்கு வரவில்லை. அக்கா இன்றுவரை பேசவில்லை. வருத்தமா என்று இயக்குநர் ஒருமுறை கேட்டபோது, மரங்களை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள் சாணை. அத்தானைப் பற்றி அவர் கேட்டார். அந்தத் திரையைப் பார்த்து அவர் முகம் மாறியதை நினைத்தால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னாள்.