சுவரோரப் பள்ளம்

“அம்மா, நீயும் அப்பாவும் ஒரே ஆளா?”

நாலு வயதில் குழந்தை இப்படிக் கேட்டபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்தால் குழந்தைமேல் தப்பில்லை என்று பட்டது. அப்பா இருக்கும்போது அம்மா இல்லை. அம்மா வந்தால் அப்பா இல்லை. தலையணை ஒன்று, போர்வை ஒன்று, வாசலில் கிடக்கும் பெரிய செருப்பும் எப்போதும் ஒரு ஜோடிதான். அது வேறு எப்படி நினைக்கும்?

அவன் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. போன வருஷம் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் இந்த வருஷம் எட்டு மாடி நிற்கிற ஊர் அது. அந்த அவசரத்துக்கு உள்ளூர் ஆட்கள் போதாமல் எல்லை தாண்டி ஆட்களை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவள்தான் அவள். காலை ஐந்தே முக்காலுக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டு போவான். ஆறேகாலுக்கு அவள் வந்து திறப்பாள். மாலையிலும் அப்படியே, அவள் போய் அரைமணி கழித்து அவன் வருவான்.

மெத்தையில் சுவர் ஓரமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இரவில் அவன் அதில் படுப்பான், பக்கத்தில் குழந்தை. அவன் எழுந்து போனதும் குழந்தை உருண்டு அந்தப் பள்ளத்துக்கு வந்துவிடும். அவள் வந்து குழந்தையை அணைத்துச் சாயும்போது அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பில் எது குழந்தையுடையது, எது கணவனுடையது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மாதத்தில் இரண்டு இரவு மட்டும் இருவருக்கும் வேலை இருக்காது. அன்று மூவரும் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவாள்.

குழந்தை அவள் பெற்றதல்ல. பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். வேலை அனுமதி முடிகிற மாதத்தில் இவளுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தையோடு நின்ற அவனுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. “நீ ஆளைக் கட்டிக்கிட்டியா, விசாவைக் கட்டிக்கிட்டியா?” என்று சலவைக்கூடத்தில் கேலி செய்தார்கள். அவளும் சண்டைக்குப் போகவில்லை. தொடங்கியது அப்படித்தான், பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் மூன்று வருஷமாக அவன் ஒருநாள் தவறாமல் ஃபிளாஸ்க்கில் அவளுக்கு டீ போட்டு வைத்துவிட்டுத்தான் போனான். அவளும் ஒருநாள் தவறாமல் அவன் தட்டை மூடி வைத்துவிட்டுத்தான் போனாள். கடவுள் சில பேருக்குக் கல்யாணத்தை முதலில் கொடுத்துவிட்டு, அன்பைத் தவணையில் கொடுக்கிறார்.

கதவு மூடிக் கிடக்கும் அந்த அரைமணி நேரத்துக்கு எதிர் அறையில் பிசிறு அக்கா இருந்தாள். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கழுத்தில் கயிற்றில் ஒரு சின்னக் கத்தரி தொங்கும். தலைமுடியில் எந்நேரமும் வெள்ளை நூல் ஒட்டியிருக்கும். காலையும் மாலையும் தன் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஒரு காதை இந்த வீட்டில் வைத்தபடி பிசிறு வெட்டுவாள். யாரும் அவளைக் கேட்டதில்லை. ஒருநாள் குழந்தை விழித்து அழுதது. அன்றிலிருந்து கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். அவளும் எல்லை தாண்டி வந்தவள். அவளை அழைத்து வந்த முதலாளி ஆறு வருஷத்துக்கு முன்பு எல்லாருடைய பாஸ்போர்ட்டோடும் காணாமல் போய்விட்டான். ஆகவே அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. காக்கியோ கோட்டோ படியேறினால் அந்தக் கதவு பூனைபோலச் சாத்திக்கொள்ளும். மூட்டைகூட அவள் அக்கா மகளின் பொறுப்பில்தான் வந்தது. அந்தப் பெண் கம்பெனியில் பொத்தான் தைக்கிறாள். மூட்டை திரும்பாவிட்டால் பொறுப்பு ஏற்ற ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அது அங்கே எழுதாத சட்டம்.

மனைவி என்ற உரிமையில் தங்கும் அனுமதி மூன்று வருஷம் முடிந்து புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. இருவரும் லீவு போட்டு, குழந்தையோடு குடியேற்ற அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்கள். குழந்தை நடுவில் உட்கார்ந்து ஒரு கையால் அவனையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் வந்திருக்கீங்க!” என்று கண்டக்டருக்கும் கேட்கும்படி சொன்னது. அவன் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அங்கே இருவரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். கேட்டவர் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி.

“உங்க வீட்டுக்காரர் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பார்?”

“சுவர் ஓரம் சார்.”

“நீங்க?”

“நானும் சுவர் ஓரம்தான்.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “குறட்டை விடுவாரா?”

“தெரியல சார்.”

“டீயில சர்க்கரை எவ்வளவு?”

“டீ அவர்தான் சார் போடுவார். அவர் குடிச்சு நான் பாத்ததில்ல.”

அடுத்த அறையில் அவனிடமும் இதே கேள்விகள். அவனும் சுவர் ஓரம், சுவர் ஓரம் என்றே சொல்லியிருந்தான். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தால் வேறுவேறு பக்கம் சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொன்னதால் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தாள். கண்ணாடி அதிகாரி நின்றார். உள்ளே வந்து தலையணையைப் பார்த்தார். விரிப்பை விலக்கி, மெத்தையில் இருந்த பள்ளத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“இங்க ஒரு ஆள்தானம்மா படுக்கறாங்க.”

“ரெண்டு பேரும் படுக்கறோம் சார். ஒரே இடத்துல. வேற வேற நேரத்துல.”

“காகிதத்துக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் ஷிஃப்டு மேலதான் பழி போடறாங்க. பத்து நாள்ல கடிதம் வரும். ஊருக்குப் போகத் தயாரா இருங்க.”

“குழந்தை இருக்கே சார்…”

“அவரோட முதல் தாரத்துக் குழந்தைதானே? உங்களுக்கும் அதுக்கும் காகிதத்துல ஒரு சம்பந்தமும் இல்லையே.”

அவர் அதட்டிச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். குழந்தைக்குத் தலை வாருவது, பல் விழுந்தால் எடுத்து வைப்பது, கெட்ட கனவு கண்டால் முதுகைத் தடவுவது, இதற்கெல்லாம் எந்த அலுவலகத்தில் முத்திரை குத்துவார்கள்? அழக்கூடத் தோன்றாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது எதிர் அறையின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

பிசிறு அக்கா வெளியே வந்தாள். கழுத்தில் கத்தரி, தலையில் நூல்.

“சார், ஒரு நிமிஷம். அந்த ஆளு குறட்டை விடுவாரான்னு இவளைக் கேட்டீங்களாமே! இவளுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேளுங்க. எதிர்ல மாடி கட்டறானே, அந்த மெஷினே தேவல சார். ரெண்டு சுவரு தாண்டி வருது.”

“யாரும்மா நீ?”

“மூணு வருஷமா இந்த வீட்டுக்கு நான்தான் கடிகாரம். அஞ்சே முக்காலுக்கு அவர் போவார். ஆறேகாலுக்கு இவ மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வருவா. டீயைக் குடிக்கறதுக்கு முன்னாடி புள்ளை முகத்தைத்தான் பாப்பா. பொய்க் கல்யாணம்னா ஒருத்தி எதுக்கு சார் மாடிப்படியில ஓடணும்? மெதுவா ஏறி வரலாமே.”

அதிகாரி அவளையே பார்த்தார். “உன் கார்டைக் காட்டு.”

“கம்பெனியில இருக்கு சார்” என்றாள். குரல் முதல்முறையாக இறங்கியது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “நாளைக்குக் காலையில வருவேன். பத்து மணிக்கு” என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்று, “பத்து மணிக்குத்தான் வருவேன்” என்று திரும்பவும் சொல்லிவிட்டுப் போனார். சோதனைக்கு வருகிறவர்கள் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

“ஏன்க்கா வெளிய வந்தீங்க?” என்று அவள் அழுதாள். “உங்களுக்கு ஏன்க்கா இது?”

“உள்ளதான் தங்கச்சி இருந்தேன். கத்தரியை எடுத்தேன், கை ஓடல. நாளைக்கு அந்தப் புள்ளை என் மடியில வந்து உக்காந்து அம்மா எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

“இப்ப எங்க போவீங்க?”

“ஊருதான் நாளுக்கு நாள் பெருசாயிட்டே போகுதே! இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தி ஒளிஞ்சுக்க இடமா இல்ல?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு, குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்குள் போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகும் தைரியம் அவளுக்கு இல்லை.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். திறந்து கிடந்த அறையைப் பார்த்தார். ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் அவள் அந்த மூட்டைகளைப் பார்த்தாள். சுவரோரம் இரண்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் நாற்பத்தொன்று என்று எண் அடித்த தகர வில்லை; பொறுப்பு ஏற்ற பெண்ணின் எண் அது. மேலே, கயிறோடு கத்தரி. அவசரத்தில் அதையும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவிழ்த்து எண்ணினால் முந்நூறு சட்டைக்குமேல் பாக்கி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியின் பின்வாசல் கொட்டகையில் இருக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. இல்லாவிட்டால் முகம்கூடத் தெரியாத அந்தப் பொத்தான் பெண்ணுக்கு வேலை போய்விடும்.

அவள் தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரித் துணியில் ஊறி வெளுத்த விரல்களுக்கு அந்தக் கத்தரி வசப்படவில்லை. முதல் சட்டையில் பொத்தான் முடிச்சையே வெட்டிவிட்டு, வீட்டிலிருந்து ஊசி எடுத்து வந்து தைத்தாள். பிறகு பிடிபட்டது. காலர், கை மடிப்பு, பொத்தான் துளைகள், அக்குள் தையல். முடிச்சுக்கு ஒரு நெல் அளவு விட்டு வெட்ட வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போனதும் உட்காருவாள். கண் சொக்கினால் எழுந்து முகம் கழுவிக்கொள்வாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனும் வந்து உட்கார்ந்துவிடுவான். தூக்கம் கெட்டவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது.

அந்தப் பத்து நாளும் கத்தியின் மேல் நடந்த மாதிரிதான் கழிந்தது. குழந்தையின் துணிகளை மடிக்கும்போது, அடுத்த அளவு சட்டையை யார் வாங்கித் தருவார்கள் என்று நினைப்பாள். நினைத்துவிட்டு அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்வாள். காதாக இருந்த அக்கா போய்விட்டதால், மாலையில் அவள் குழந்தையைக் கிடங்கு வாசலில் அவனிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், விடியற்காலையில் அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து அவள் தோளுக்கு மாற்றிவிட்டுப் போனான். மேற்பார்வையாளரிடம் தினமும் திட்டு வாங்கினான். “புள்ளையோட சாக்ஸைக் கழட்டாத, கால் சில்லுன்னு இருக்கு” என்பான். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்பாள். அதற்குமேல் நேரம் இல்லை. குழந்தை அரைக்கண் திறந்து இருவரையும் பார்த்து, “ரெண்டு பேர்” என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. அனுமதி ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது. காரணம் என்று ஒரே வரி: விசாரணையில் இருவரும் ஒன்றாக வசிப்பது தெரியவந்தது. யார் சொல்லித் தெரியவந்தது என்பது எழுதப்படவில்லை. அவள் அதை மூன்று முறை படித்தாள். ஒரு வருஷம். முந்நூற்று அறுபத்தைந்து காலை. கண்ணை மூடிக் கடவுளை நினைத்தாள். நன்றி சொன்னாள். யாருக்கு எவ்வளவு சேர வேண்டுமோ அப்படி அவரே பிரித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடிதத்தை ஃபிளாஸ்க்கின் அடியில், கணவன் கண்ணில் படும்படி வைத்தாள்.

படுக்கப் போகவில்லை. எதிர் அறைக்குப் போய், மீதி இருந்த இருபத்தெட்டு சட்டைகளையும் முடித்தாள்.

பகல் ஒரு மணிக்குக் கம்பெனியின் பின்வாசல் காவலாளி சாப்பிடப் போவார். அவள் ஒவ்வொரு மூட்டையாகத் தலையில் சுமந்து, இரண்டு நடையில் கொண்டுபோய்க் கொட்டகையின் கடைசி வரிசையில் இறக்கினாள். உள்ளே மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் முன்னால் அந்தப் பொத்தான் பெண் குனிந்திருப்பாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். திரும்பிக் கிடந்த தகர வில்லைகளை, நாற்பத்தொன்று தெரியும்படி வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, குழந்தை வரும் நேரத்துக்குள் வீடு சேர வேகமாக நடந்தாள்.