நனைந்த சக்கரங்கள்

"மழையே இல்லை. சக்கரம் மட்டும் எப்படி நனைஞ்சுது?"

சுரங்கப்பாதை வாசலில் லாரிகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் சாவடிக்காரி கேட்டாள். லாரி ஓட்டுநர் சக்கரத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த சூடு அளக்கும் கருவியைப் பார்த்தான்.

"கழுவினேன்க்கா. ஒரே சேறு."

"வண்டி முழுக்கப் புழுதி அப்பிக் கிடக்கு. சக்கரத்துக்கு மட்டும் குளியலா?"

"மெஷின் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

மெஷின் போகலாம் என்றுதான் சொன்னது. அதுதான் அவளை உறுத்தியது. மலையிறங்கி வரும் லாரியின் பிரேக் கொதிக்கும். அடங்க அரைமணி நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் மேலே குளிரும், உள்ளே நெருப்பு அப்படியே இருக்கும். சுரங்கத்துக்குள் பற்றிக்கொண்டால் பின்னால் வரும் காருக்கு ஒதுங்க இடமில்லை. இந்த வாரத்தில் இது நாலாவது ஈரச் சக்கரம். வழியில் தண்ணீர்க் குழாய் உள்ள இடம் ஒன்றே ஒன்று, அவள் கொழுந்தனின் வண்டி கழுவும் கொட்டகை. புகார் எழுதினால் கொட்டகைக்குப் பூட்டு விழும், குடும்பத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. வெறும் சந்தேகத்தை நம்பி எப்படி எழுதுவது?

"எங்க கழுவினே?"

"ஞாபகமில்லைக்கா."

"இன்னும் ஈரமே காயலை. அதுக்குள்ள மறதியா?"

பின்னால் ஹாரன் அலறியது. லாரியை இடிக்காத குறையாக ஒட்டி நின்றது கொழுந்தனின் கார். பக்கத்தில் அவன் மனைவி, மடியில் தூங்கும் குழந்தை.

"அண்ணி, அவனை விட்டுத் தொலைங்க. மாமனார் வீட்டுல காத்திருக்காங்க."

"சக்கரம் நனைஞ்சிருக்கு தம்பி."

"நனைஞ்சா கரையறதுக்கு உப்பா? மெஷினே சரின்னு சொல்லுதில்ல?"

கொழுந்தன் ஓட்டுநர் பக்கம் திரும்பவேயில்லை. ஓட்டுநரும் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு கவனமாக ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பார்களா?

"சரி, கேட்டைத் திறக்கிறேன். உள்ள யாரும் முந்தக் கூடாது. ஆறு கிலோமீட்டரும் இவன் பின்னாலயே போ."

கார்ச் சாவியைத் தொட்ட கொழுந்தனின் கை அங்கேயே நின்றது.

"நீங்க அவனை அனுப்புங்க அண்ணி. நாங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்றோம்."

"ஏங்க, லேட்டாகுதுன்னு இப்பத்தானே குதிச்சீங்க?" என்றாள் மனைவி.

"பாப்பா தூங்குதுல்ல."

"பாப்பா தூங்குறதுக்கும் உங்க டீக்கும் என்ன சம்பந்தம்?"

மனைவி லாரியின் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஓரமா ஒதுக்கு. அரைமணி நேரம் அசையாதே," என்றாள் சாவடிக்காரி, ஓட்டுநரிடம்.

"தண்ணி ஊத்த வேண்டாம்னுதான்க்கா நான் சொன்னேன். இவர்தான் ஒண்ணும் ஆகாதுன்னாரு."

"அண்ணி, எழுதிடாதீங்க. அண்ணன் காதுக்குப் போனா..."

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

"எழுதுங்கக்கா. முந்தாநாள் எங்கப்பா இந்த வழியாத்தான் திரும்பிப் போனாரு. அவருக்கு முன்னால எந்த லாரி போச்சோ."