கீழ்ப்படிகிறேன் என்ற ஒரு சொல்

ராய்ஸ் கெஸ்லரை டிரை ஃபோர்க் ஜெயிலில் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு வந்துவிடலாம். "கீழ்ப்படிகிறேன்" என்பதுதான் அந்தச் சொல். இது தண்டனை இல்லை, நீ அதைச் சொல்லும் வரை காத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று நீதிபதியம்மாள் பொறுமையாக விளக்கினார். "அப்ப உக்காந்து காத்திருங்க" என்று ராய்ஸ் பதில் சொல்லிவிட்டான்.

வம்பு மாட்டிறைச்சியில் தொடங்கியது. மத்திய அரசின் ஊதா முத்திரை இல்லாமல் இறைச்சி விற்கக்கூடாது என்பது வாஷிங்டன் போட்ட சட்டம். எங்கள் மாநிலத்தில் பிறந்து, இங்கேயே மேய்ந்து, இங்கேயே வெட்டுப்படும் மாட்டுக்கு எவன் முத்திரையும் வேண்டாம், அந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று மாநிலச் சட்டசபை ஒரு பதில் சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் டிரை ஃபோர்க் தொகுதியின் உறுப்பினர் பர்க் லிண்ட்க்விஸ்ட். அவர் அதை ஊர்க் கொட்டகையில் வாசித்தபோது முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் காலையில் அத்தனை பேரும் வழக்கம்போல மாடுகளை லாரியில் ஏற்றி, முத்திரை குத்துகிற ஆலைக்குத்தான் அனுப்பினார்கள். சட்டத்தை நிஜமாகவே நம்பியவன் ராய்ஸ் ஒருத்தன்தான். பண்ணையிலேயே வெட்டினான், பொட்டலம் கட்டினான், "செல்லாது" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டி விற்றான். நிறுத்து என்று மத்திய நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதையும் செல்லாது என்றான்.

அவன் மனைவி நாடீனுக்கு இதில் வருத்தமா பெருமையா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது. கன்று ஈனும் பருவம். பிள்ளைகள் கிடையாது. கூலியாள் குளிர் தாங்காமல் ஓடிவிட்டான். தினம் பத்து தடவை தொழுவத்துக்குப் போய்வந்தாள். பனியில் ஒரு கன்றைக் கயிறு கட்டி இழுத்தெடுத்த அன்று அவளுடைய இடது கை விரல்கள் நுனியில் மரத்துப்போயின. அப்புறம் உணர்ச்சி திரும்பவே இல்லை. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. காப்பி போட்டாள், குடித்தாள், கோப்பையைக் கழுவினாள். குடித்த ஞாபகம் இல்லாமல் மறுபடி போட்டாள்.

வியாழக்கிழமைகளில் ஜெயிலுக்குப் போவாள். அந்த ஜெயில் மாவட்ட ஷெரிப் ஆரன் மேடக்குடையது. மத்திய அரசின் ஆள் எவனும் என் மாவட்டத்துக்காரனைத் தொட முடியாது என்று அதே கொட்டகையில் மார்தட்டியவன் அவன். ஜெயிலில் காலியாகக் கிடந்த அறைகளை மத்திய அரசுக்கே வாடகைக்கு விட்டிருந்தான் என்பது ராய்ஸ் அங்கே வந்து இறங்கின பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

"எங்கேயோ தூரத்துல கொண்டு போறதுக்கு, என்கிட்ட இருக்கறது மேல் இல்லையா நாடீன்?" என்றான் ஆரன். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன். "ஆனா கறியைத் தொட மாட்டேங்கறான். ஊதா முத்திரை இருக்காம். வெறும் பீன்ஸ்தான் மூணு வேளையும், ஒரே வாயு. அவன் அறைப் பக்கம் தீக்குச்சி கிழிக்கவே பயமா இருக்குடியம்மா."

நாடீன் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் இளைத்திருந்தான். முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை. போன் ரிசீவரை எடுத்ததுமே சுதந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மனுஷன் தன் ஒப்புதல் இல்லாத எதற்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்றான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு கன்னு செத்துப் போச்சு" என்றாள்.

"அடடா."

"என்னால முடியல ராய்ஸ்."

"முடியலைன்னா விடு. உன்னை யாரு கட்டாயப்படுத்தினா?"

"நான் விட்டா மாடு செத்துடும்."

"அது நீயா எடுக்கற முடிவு நாடீன். நான் உனக்கு உத்தரவு போட மாட்டேன். என்னைக்காவது போட்டிருக்கேனா?"

போட்டதில்லை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட இதைச் செய் என்று அவன் சொன்னதில்லை. செய்யப்படாமல் கிடந்ததையெல்லாம் அவள்தான் செய்திருக்கிறாள்.

அடுத்த வாரம் மத்திய அரசு வக்கீல் பண்ணைக்கே வந்தாள். சாக்ஸ்டன் என்று பேர், சின்ன வயசு. சேறு அப்பிய ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, சமையலறை மேஜையருகே தயங்கி உட்கார்ந்தாள்.

"நிலம் உங்க அப்பா வழியில வந்ததுதானே? மாட்டுல போடற சூட்டுக்குறியும் உங்க பேர்லதான் இருக்கு."

"ஆமா."

"அப்ப உரிமையாளர் நீங்கதான். இந்த நிலத்துல இனிமே முத்திரை இல்லாத கறி விக்க விடமாட்டேன், அதுக்கு நான் பொறுப்புன்னு நீங்க உறுதிமொழி கொடுத்தா போதும். உங்க வீட்டுக்காரர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி விட்டுடுவாங்க."

"மீறினா?"

"மீறினா, பொறுப்பு உங்களோடது. அவரை மறுபடி உள்ள வெச்சு பெரிய ஆளாக்க எங்களுக்கு இஷ்டமில்லை மேடம்."

நாடீன் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு பசு வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஈன்றுவிடும். வலது கையில் பேனாவை வாங்கினாள். கீழ்ப்படிகிறேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பெரிய காரியம் செய்கிறோம் என்று தோன்றவில்லை. யாராவது சொல்லித் தொலைக்க வேண்டிய சொல்தானே, சொல்லியாயிற்று.

ராய்ஸை விடுதலை செய்த அன்று ஜெயில் வாசலில் ஊரே திரண்டிருந்தது. எதற்காக விட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் யாருக்கும் அவசரமில்லை. வாஷிங்டன் பின்வாங்கிவிட்டது என்று பர்க் லிண்ட்க்விஸ்ட் லாரி மேல் ஏறி நின்று அறிவித்தார். அவருக்குத் தேர்தல் வருகிறது. காது கிழிய ஹார்ன் அடித்தார்கள். யாரோ கேக் கொண்டுவந்திருந்தார்கள். ராய்ஸைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். அவன் அழுதான். அவன் அப்படிச் சந்தோஷப்பட்டு நாடீன் பார்த்ததே இல்லை.

"சனிக்கிழமை எல்லாரும் என் பண்ணைக்கு வாங்க!" என்று கத்தினான். "நானே வெட்டறேன். முத்திரை கிடையாது. ஒரு துண்டாவது வாங்காம எவனும் போகக் கூடாது!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவனைப் பெருமிதமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி நாடீனின் முதுகில் தட்டி, "குடுத்து வெச்சவடி நீ" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் வண்டி ஓட்டினாள். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னாள்.

"அவங்க பின்வாங்கல ராய்ஸ். நான் கையெழுத்துப் போட்டேன்."

அவன் மடியில் கேக் இருந்தது. அதை எடுத்துக் காலடியில் வைத்தான்.

"எனக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போட முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"உனக்காகப் போடல. என் பேர்ல போட்டேன். சனிக்கிழமை வித்தா என்னைத்தான் பிடிப்பாங்க."

ராய்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் போகிற எவனுக்கும் சொல்வதுபோல நிதானமாக, அன்பாகவே சொன்னான்.

"நீ போட்ட கையெழுத்துக்கு நீதான் பொறுப்பு, நாடீன். அதுக்கு நான் எப்படிக் கட்டுப்பட முடியும்? கட்டுப்பட்டா நாலு மாசம் நான் உள்ள இருந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடுமே."

அவளுக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. வழியில் பள்ளம் வந்தது, பார்த்து ஓட்டினாள்.

சனிக்கிழமை ராய்ஸ் ஒரு காளையை வெட்டினான். பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். நாடீன் வந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மத்திய அரசின் காவலர்கள் இரண்டு பேர் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாருங்கள் அம்மா என்றார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். அவளைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று ராய்ஸுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவனுடைய கைகள் இரண்டும் விலங்குக்குத் தயாராக முன்னால் நீண்டிருந்தன.

நீதிபதியம்மாள் அவளிடமும் அதையே கேட்டார். கீழ்ப்படிகிறேன், இனி விற்க விடமாட்டேன் என்று சொன்னால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்.

"என்னால அவனை நிறுத்த முடியாதுங்க" என்றாள் நாடீன். "முடியும்னு இன்னொரு தடவை பொய் சொல்ல மாட்டேன்."

ஆரன் மேடக் அவளுக்குக் கடைசி அறையைக் கொடுத்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே நல்ல கம்பளியாக இரண்டு கொண்டுவந்து போட்டான். அவள் படுத்தாள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வந்து அவன் எழுப்பும் வரை தூங்கினாள். தட்டில் கறி இருந்தது. சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ராய்ஸ் வந்தான். ஷேவ் பண்ணவில்லை, சட்டைக் கையில் காய்ந்த ரத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தவன், சுதந்திரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"கடைசியா பொறந்த கன்னுங்க மூணு பால் குடிக்க மாட்டேங்குது. நீ என்ன பண்ணுவே?"

"விரலை வாயில வெச்சுப் பழக்கணும்."

"வெச்சேன். கடிக்குது." குரலைத் தாழ்த்தினான். "நாடீன், ராத்திரியில ரெண்டு மணிக்கு ஒருத்தனா எத்தனையைத்தான் பாக்கறது? சொல்லிட்டு வந்துடேன்."

"சொன்னேனே ராய்ஸ். நான் சொன்னதை நீதான் செல்லாததாக்கிட்ட."

"அது வேற. அந்தம்மா கேக்கறதைச் சொல்லு, போதும். இனிமே வெட்டறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்." அவன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். "ஒரே ஒரு வார்த்தைதானே?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

நாடீனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனால் அதற்காக எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கன்றின் வாயில் வைக்கும் முன்பு விரலைப் பாலில் தோய்த்துக்கொள்ளச் சொன்னாள். ரிசீவரை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.