மங்கலாக எரிந்த டெஸ்டர்

கட்டட வேலை நடக்கிற இடத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் விட மாட்டேன் என்று வாட்ச்மேன் ஒற்றைக்காலில் நின்றார். சிறுமி எலிக்கு மூச்சு வாங்கியதில் வார்த்தை பாதிதான் வந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூடப் பொறுமையில்லாமல் மணல் குவியலின் மேல் தள்ளிவிட்டிருந்தாள்; பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவை உடனே பார்க்க வேண்டும், டெஸ்டரைத் தொடாதே என்று சொல்ல வேண்டும் என்று அவள் திக்கித் திணறிச் சொன்னதில் அவருக்குப் புரிந்தது அம்மா என்ற ஒரு சொல்தான்.

"யாரு, கரண்ட் அக்கா பொண்ணா? உங்கம்மாவுக்கு என்னம்மா ஆகப்போகுது. அக்காவத் தொட்டா கரண்டுக்குத்தான் ஷாக் அடிக்கும்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று ஹெல்மெட்டுக்காகக் கையை நீட்டினாள். வாட்ச்மேன் ஆணியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளில் எது சுத்தமானது என்று சாவகாசமாகத் தேடினார். கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்தது தலையில் அண்டாவைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. கண்ணை மறைத்த அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

எல்லாம் ஒரு கறுப்புத் துண்டால் வந்தது. காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்து, தம்பி வாண்டு தன் பொம்மை லாரியில் அதை ஏற்றிக்கொண்டு வந்து, மரக்கட்டை லோடு வந்திருக்கு, இறக்கிக்கோ என்றான். பென்சில் முனை அளவுக்கு, இரண்டு பக்கமும் பளபளவென்று மூடி போட்ட சின்னக் குச்சி. கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம். அதைப் பார்த்ததும் எலி லாரியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அது கிடக்க வேண்டிய இடம் அம்மாவின் டெஸ்டருக்குள்.

எலி என்பது வீட்டில் வைத்த பெயர். எதில் திருகு இருந்தாலும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கடிகாரம், ரேடியோ, தம்பியின் பேசுகிற பொம்மை. அந்தப் பொம்மை அதற்கப்புறம் பேசவேயில்லை. அம்மாவின் டூல் பையை மட்டும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நேற்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும், பழைய டெஸ்டர் ரொம்ப மங்கலாக எரிகிறது, வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரிவதில்லை, இதை நம்பி ஒருநாள் போய்ச் சேரப்போகிறேன் என்று அலுத்துக்கொண்டே குளிக்கப் போனாள். போய்ச் சேரப்போகிறேன் என்ற சொல் எலியை என்னவோ செய்தது. சரிசெய்து வைத்துவிட்டால் அம்மா அசந்துபோவாள் என்று தோன்றியது.

பார்க்க அது ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்தான். கண்ணாடிபோன்ற கைப்பிடிக்குள் குட்டி பல்பு. முனையைக் கம்பியில் வைத்து, தலையில் இருக்கும் உலோக மூடியைக் கட்டைவிரலால் தொட்டால், கரண்ட் இருந்தால் பல்பு எரியும். எரிகிற அந்தக் கரண்ட் தொட்டவரின் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஆனால் உள்ளே அந்தக் கறுப்புத் துண்டு காவல் உட்கார்ந்து, உடம்புக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் விடுகிறது. நேற்று எலி மூடியைத் திருகியதும் உள்ளே இருந்தவை படுக்கை மேல் கொட்டின. பல்பைத் துடைத்தாள், ஸ்பிரிங்கைத் துடைத்தாள். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கைக்குக் கிடைத்ததை உள்ளே போட்டு மூடினாள். ஸ்பிரிங் நீண்டு காலி இடத்தை நிரப்பிவிட்டது. மூடியும் ஒழுங்காகத் திருகிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் அவளே பிளக்கில் வைத்துப் பார்த்திருப்பாள்.

அம்மா வழக்கம்போலப் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். வாண்டுவைப் பக்கத்து வீட்டுக்குள் தள்ளிவிட்டு, எலி சைக்கிளை எடுத்தாள்.

இரண்டாவது மாடி நடையில் அம்மா ஏணியில் நின்றாள். கூரையோரமாக இருந்த பெட்டிக்குள் இரண்டு கையும் முழங்கை வரை போயிருந்தன. எலி கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். ஏணியில் நிற்கிறவரை, அதுவும் பெட்டிக்குள் கை விட்டிருக்கிறவரைக் கீழேயிருந்து கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் கை எதில் போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. அம்மா இதைப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சேர்த்து ஊட்டியிருந்தாள். இறங்கி வரும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

எலி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் இடுப்புப் பட்டையில் கட்டிங் பிளேயர், கட்டர், கம்பியின் தோலை உரிக்கிற ஸ்ட்ரிப்பர், நெட்டையும் குட்டையுமாக ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் அதனதன் பையில் இருந்தன. அம்மா குனிந்து பார்ப்பதேயில்லை. பார்வை பெட்டிக்குள் இருக்க, வலது கை தானாக இறங்கி வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே போகும். பிளேயர் போனது, திரும்பி வந்தது. கட்டர் போனது, வந்தது. அப்புறம் கை ஓரத்துச் சின்னப் பையைத் தடவியது. டெஸ்டர் இருக்கும் பை.

கத்தினால் கை நடுங்கும், கத்தாவிட்டால் கட்டைவிரல் மூடியின் மேல் உட்காரும். இரண்டில் எது என்று எலி முடிவு செய்வதற்குள் கட்டைவிரல் உட்கார்ந்துவிட்டது. கைப்பிடிக்குள் பளிச்சென்று ஆரஞ்சு வெளிச்சம். அம்மா ஏதோ முணுமுணுத்துவிட்டு டெஸ்டரைத் திரும்பச் செருகினாள். அடுத்து இணைக்க வேண்டிய லைனில் கரண்ட் இருந்தது. மெயினை அணைப்பதற்காக ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே நின்றவளைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற? தம்பிக்கு என்ன?"

தம்பிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவே எலிக்கு நேரம் பிடித்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அழுகையும் ஹெல்மெட்டும் மாறி மாறி முகத்தில் இறங்கின. சட்டைப் பையிலிருந்து கறுப்புத் துண்டை எடுத்து நீட்டினாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. அம்மா இடுப்பிலிருந்த டெஸ்டரை உருவிக் காட்டினாள். பச்சைக் கைப்பிடி, கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. காலையில் வருகிற வழியில் வாங்கியதாம்.

எலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். அம்மா சிரிக்கவில்லை. ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பழசு எங்கிட்ட இல்லடி. டப்பா அண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

டப்பா அண்ணன் அந்தக் கட்டடத்தின் பெயிண்டர். காலியான பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார், தூங்குவார், மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வார். அவர் வேலை முடிந்து இன்று காலை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் துணி தேய்க்கிற பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, பொண்டாட்டி பயப்படுகிறாள் என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாராம். வீட்டு உபயோகத்துக்கு மங்கலாக எரிந்தால் என்ன என்று அம்மா பழைய டெஸ்டரைக் கொடுத்திருக்கிறாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தன் புது டெஸ்டரில் செய்து காட்டியிருக்கிறாள்.

"பயப்படாதீங்கண்ணே, கட்டைவிரல நல்லா அழுத்தி வைங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொன்னேன்."

அம்மா எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே மேஸ்திரியின் போனில் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்; அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அந்த ஆளின் பேட்டரி மதியம் வரை தாங்கினாலே அதிசயம் என்றார் மேஸ்திரி. ஊர்ப் பெயர் தெரியும், வீடு தெரியாது. அவர் வீட்டில் வேறு யாரிடமும் போன் இல்லை. வாட்ச்மேன்தான் அவர் கிளம்பியதைப் பார்த்தவர். டெஸ்டரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்திக்கொண்டு, இனிமேல் நானும் எலக்ட்ரீஷியன், கூலியை ஏத்திக் குடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாராம். வாட்ச்மேன் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அம்மா சைக்கிளை மிதிக்க, எலி டூல் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார, பேருந்து நிலையம் போனார்கள். அந்த ஊர் பஸ் எப்போதோ போயிருந்தது. தாங்களே போனால் இரவு திரும்ப பஸ் இல்லை, வாண்டு பக்கத்து வீட்டில் இருந்தான். அடுத்த பஸ் நடத்துநரிடம் அம்மா விவரம் சொல்லி, அந்த ஊரில் இறங்கும் யாரிடமாவது சொல்லி அனுப்பச் சொன்னாள். பெயிண்டர், கட்டையா இருப்பாரு, நெத்தியில சின்னத் தழும்பு என்று அடையாளம் சொன்னாள். சரிம்மா, சரிம்மா என்று அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே தலையாட்டினார். கேட்டாரா என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எலிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இருட்டிய பிறகு அம்மா டூல் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் பார்க்க ஆரம்பித்தாள். பிளேயர் கைப்பிடியின் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவர்களை உருட்டிப் பார்த்தாள். புது டெஸ்டரையும் திருகித் திறந்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தாள். நடுவில் நடுவில் எழுந்து போய்ப் போனில் பேசிப் பதிவு அனுப்பினாள்: அண்ணே, அந்த டெஸ்டரத் தொடாதீங்க, தூக்கிப் போட்டுருங்க. எதுவும் போய்ச் சேரவில்லை.

நான்தான் திறந்தேன், என்மேல்தான் தப்பு என்று எலி மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"தொறந்தது நீ. பாக்காம தூக்கிக் குடுத்தது நானு. இத்தன வருஷமா இதான்டி எனக்குத் தொழிலு." அம்மா பிளேயரைக் கீழே வைத்தாள். "ஈரக் கையோட மட்டும் தொட்டுறக் கூடாது."

அப்படித் தொட்டால் என்ன ஆகும் என்று எலி கேட்கவில்லை. பாயில் படுத்திருந்த வாண்டு, தூக்கத்தில் இருப்பதாக இருவரும் நினைத்த வாண்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: அவங்க வீட்ல கரண்ட் போயிருந்தா ஒண்ணும் ஆகாதுல்லம்மா? ஆகாது என்றாள் அம்மா. அப்படின்னா போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்தான்.

எலி படுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள், மறுபடி படுத்தாள். கண்ணை மூடினால் ஒரு வீடு தெரிந்தது. துணி தேய்க்கிற பெட்டி, பக்கத்தில் பயந்துகொண்டு நிற்கும் ஒரு அக்கா, பெருமையாகச் சட்டைப் பையில் கை வைக்கும் டப்பா அண்ணன். அங்கே வந்ததும் கண்ணைத் திறந்துவிடுவாள்.

வெகுநேரம் கழித்து அம்மா மறுபடி போனைக் காதில் வைத்தாள். இந்த முறை அவள் முதுகு நிமிர்ந்தது. போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். மணி அடித்தது. எலி பாய்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடித்து அடித்து நின்றது. அம்மா மறுபடி போட்டாள். இன்னொரு முறையும் முழுதாக அடித்து ஓய்ந்தது. தூங்கியிருப்பார் என்று எலி சொன்னாள். இவ்வளவு சத்தத்திலா என்று அவளுக்கே தோன்றியது.

அம்மா போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், கணக்குப் போடுகிறவள்போல மெல்லச் சொன்னாள்.

"போன் உசுரோட இருக்குன்னா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரு. பிளக்குல மாட்டித்தான் சார்ஜ் ஏத்திருக்காரு. வீட்ல கரண்ட் இருக்கு."

பிறகு, வீட்டில் எந்த விளக்கு எரியாவிட்டாலும் காரணம் சொல்லத் தெரிந்த அம்மா, எலியின் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தாள்.

"அப்புறம் ஏண்டி எடுக்க மாட்டேங்கறாரு?"