இருவரும் தூங்கிய மதியம்

பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தும் தம்பதி அன்று ஒரு நாளுக்குக் கரையிறங்கினார்கள். ஊரில் திருவிழா. அப்படியென்ன கொண்டாட்டமோ, மேளச் சத்தம் காதைப் பிளந்தது. விடுதியில் அறை எடுத்துப் படுத்தார்கள். படகில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் காவல். இருவரும் சேர்ந்து படுத்து ஒரு வருடமாகிறது.

அவன் கண்விழித்தபோது அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் அப்பாக்களின் தோளேறிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அசையாத தரையில என்ன காவல் வேண்டிக்கிடக்கு? வந்து படு."

"நீங்க தூங்குங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "கடல் அசையாம கெடக்கு, நீயும் வந்து படுன்னுதான் அன்னிக்கும் சொன்னீங்க. நாம முழிச்சப்ப படகுல புள்ளையோட செருப்பு மட்டும்தான் இருந்துச்சு."