படத்தில் விழாத கிழிசல்

விடியற்காலையிலேயே வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து நெல்லோடு வந்த தோணிகள் ஆலைத்துறையில் முட்டிக்கொண்டு நின்றன. நெல் அவிக்கும் நெடி தொண்டையை அறுத்தது. தோணிக்கும் கரைக்கும் இடையே போட்டிருந்த, பனியில் நனைந்த ஒற்றைப் பலகையில் இருபது பேர் மூட்டையோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். நோபேட்டும் ஏறினான். அவனுக்கு மட்டும் ஒவ்வொரு எட்டும் உயிரைப் பிடுங்கியது.

மூன்று கிழமைக்கு முன் இதே பலகையில் வலது பாதம் சிக்கிக்கொள்ள, மூட்டையின் பாரம் உடம்பைத் திருப்பிவிட்டது. முழங்காலுக்குள் ஏதோ ‘டக்’கென்றது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். படத்தையும், டாக்குத்தர் இங்கிலீசில் எழுதிய துண்டையும் கொண்டுவந்து முதலாளி இராசதுரையிடம் கொடுத்தான். அவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். துண்டைப் படித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஒண்டுமில்லையாம்டா. போய் மூட்டையத் தூக்கு.”

அன்றிலிருந்து துறையில் அவன் பெயர் ‘படக்காரன்’. கூட்டாளி முத்தலிப்பே, “மச்சான் நல்லாத்தான் படம் காட்டுறான்” என்று சிரித்தான். தன் வலியைத் தானே சந்தேகிக்கும் கேவலம் பகையாளிக்கும் வரக்கூடாது. மனைவி செசீலியாவிடம்கூட வலிக்குது என்று சொல்ல அவனுக்கு நாக்கூசியது. வேலை போனால் ஆலை வளவிலிருக்கும் குடிசையும் போகும். இரண்டு பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

இன்று விடியலில் பலகையின் நடுவில் முழங்கால் பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. மூட்டையோடு வாவிக்குள் விழுந்தான். முத்தலிப் குதித்து அவனை இழுத்துவந்தான். முழங்கால் பனங்காய் போல வீங்கிக் கிடந்ததைக் கண்டதும் முத்தலிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்குத்தர் காலை மெல்ல மெல்ல அசைத்துப் பூட்டை விடுவித்தார். உள்ளே மறுபடியும் ‘டக்’. நோபேட் கத்திவிட்டான்.

“எக்ஸ்றேயில எலும்பு மட்டும்தான் தெரியும். ரெண்டு எலும்புக்கும் நடுவில மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது கிழிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். கொழும்பில முழங்காலுக்குள்ள மருந்து ஏத்திப் படம் எடுப்பாங்க. கிழிசலுக்குள்ள மருந்து போனா அது படத்தில விழும். அதுவரைக்கும் பாரம் தூக்கக்கூடாது எண்டு அண்டைக்கே துண்டில எழுதினேனே, வாசிக்கல்லையா?”

நோபேட்டுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தான் பொய்க்காரனில்லை என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தாரே!

“நானும் சிரிச்சன் மச்சான். மன்னிச்சிரு” என்றான் முத்தலிப்.

திரும்பி வந்தபோது முதலாளி பலகையடியில் நின்றார்.

“துண்டில என்ன எழுதிக் கிடந்தது முதலாளி?” நோபேட் கேட்டான்.

“எலும்பு முறியல்ல எண்டு.”

“அதுக்குக் கீழ?”

முதலாளியின் முகம் கறுத்தது. “கொழும்புப் படம் வர ரெண்டு மாசம் செல்லும். அதுவரைக்கும் நொண்டிய வெச்சிச் சோறு போட இது மடமா? நாளைக்கே வளவ விட்டு இறங்கு.”

முத்தலிப் பலகையின் குறுக்கே குந்தினான். “எண்ட முழங்காலும் டக்கெங்குது முதலாளி. எனக்கும் படம் எடுக்கோணும்.”

“எனக்கும்தான்” என்று மூட்டையை இறக்கினார் கிழவர் அருளப்பு. நெல் காயும் களத்திலிருந்து சீதேவிப்பிள்ளை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தபடி எல்லாரும் குந்தினார்கள்.

“கொழும்புப் படம் வரும்வரைக்கும் நோபேட் குடிசையில இருப்பான். அதுக்கு ஓமெண்டாத்தான் நெல்லு இறங்கும்” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“பொலிசக் கூப்பிடுவன்! எல்லாரும் சேர்ந்து படம் காட்டுறீங்களாடா?”

பொலிஸ் வரலாம். நாளைக்குக் குடிசை இருக்குமோ தெரியாது. நோபேட் முத்தலிப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வீங்கிய காலைப் பலகைக்குக் குறுக்கே நீட்டிவைத்தான்.

“ஓம் முதலாளி, படம்தான். இதில எல்லாம் தெரியும். வடிவாப் பாருங்க.”